பதினேழாம் சீட்டு

மே 4, ஞாயிறு

குழம்பு கொதிக்கிற நேரத்தில் எழுதுகிறேன். படம் பார்த்தோம். சங்கம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. விரிவாகப் புதன்கிழமை. அவர் குளித்துக்கொண்டிருக்கிறார். நல்ல மனநிலையில்தான் இருக்கிறார், பாட்டுச் சத்தம் கேட்கிறது.

மே 7, புதன்

சங்கத்து அறை. சிவகுருநாதன் சாரின் அச்சகத்துக்கு மேல்மாடி. கீழே யாருடைய கல்யாணப் பத்திரிகையோ ஓடிக்கொண்டிருக்கிறது, மேசை அதிர்கிறது. இந்த நோட்டு இங்கேதான், பழைய இதழ்களுக்கு நடுவில் இருக்கிறது. வீட்டில் எழுதவேண்டி வந்தால் கருத்துச் சீட்டு ஒன்றின் பின்புறம் எழுதி, புதன்கிழமை கொண்டுவந்து ஒட்டிவிடுகிறேன். வீட்டில் நோட்டு வைக்க இடமில்லை. அவ்வளவுதான் காரணம்.

எங்கள் படச் சங்கமான ‘ஞாயிறு திரை’யில் மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு வெளிநாட்டுப் படம். முடிந்ததும் ஒவ்வொருவரும் துண்டுச் சீட்டில் தன் கருத்தை எழுதி, மடித்து, தகர டப்பாவில் போட வேண்டும். பெயர் எழுதக் கூடாது. யார் சொன்னார் என்று பார்க்காமல் என்ன சொன்னார் என்று பார்க்க வேண்டும் என்பது செயலாளரான சிவகுருநாதன் சாரின் கொள்கை. டீக்குப் பிறகு எண் போட்டு அவரே உரக்கப் படிப்பார். புதன்கிழமை நான் வந்து எங்கள் மாத இதழுக்காக எல்லாவற்றையும் தட்டச்சு செய்வேன். இரண்டு மணிக்கு ஜெகதீஷ் என்னை இங்கே இறக்கிவிட்டு ஐந்தரைக்கு அழைத்துப்போக வருவார். கல்யாணமான இரண்டு வருடத்தில், வாரத்துக்கு எனக்குக் கிடைக்கிற தனிமை இந்த மூன்றரை மணிநேரம். நடுவில் இரண்டு தடவை போன் செய்வார். சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்.

படம் ஜார்ஜிய நாட்டுப் படம், ‘கோட்டைக்குத் திரும்பியவன்’. முந்நூறு வருடம் முந்தைய மலைநாடு. தளபதி ஒருவன் மனைவியிடம் விடைபெற்றுப் போருக்குப் போகிறான். பனிக்கணவாயில் மூன்று நாள் புதைந்து கிடந்து, எழுந்து, எதிரிகளை வெட்டித் தள்ளிவிட்டு ஊர் திரும்புகிறான். அதுவரை குதிரையும் வாளும். அதற்குப் பிறகு கோட்டைக்குள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். வந்திருப்பது அவன் இல்லை, அவன் உடம்பை மாட்டிக்கொண்டு வந்த வேறொன்று என்று தெரிகிறது. மனைவி மொத்தமாகப் பன்னிரண்டு நிமிடம் வந்தால் அதிகம்.

இருபத்து மூன்று சீட்டுகள். சிலவற்றை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

நான்காவது: “முதல் பாதி குதிரை, இரண்டாம் பாதி பேய். இரண்டு படம் பார்த்த அலுப்பு, ஒரு படம் பார்த்த திருப்திகூட இல்லை.”

ஒன்பதாவது: “இத்தனை நாள் நாம் பார்த்த மெதுவான படங்களுக்கெல்லாம் சேர்த்து இது ஒன்று போதும். பனியில் ரத்தம் விழும் சத்தம் கேட்டது.”

பன்னிரண்டாவது: “பேய் வந்ததும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். வயதான காலத்தில் எனக்கு இது தேவையா.”

பிறகு பதினேழாவது. சார் அதைப் படிக்க ஆரம்பித்தபோது யாரோ பிஸ்கட் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். படித்து முடித்தபோது அந்தச் சத்தமும் நின்றிருந்தது.

“அவன் பனியில் மாறவில்லை. போவதற்கு முன்பே அதுதான். முதல் காட்சியில் அவன் விடைபெறும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலணிகளைப் பார்க்கிறாள். போகிறானா என்று உறுதி செய்துகொள்கிறாள். அவன் ஊரில் இல்லாதபோது அவள் சாப்பிடுகிறாள், தலை வாருகிறாள், ஒரு தடவை பாடவும் செய்கிறாள். அவன் செத்த செய்தி வந்தபோது அவள் அழுதது துக்கத்தால் இல்லை. ஊருக்குத்தான் அவன் பேயாகத் திரும்பினான். அவளுக்கு அவன் திரும்பினான், அவ்வளவுதான்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பேயே இல்லாத பேய்ப்படம்ங்கறாங்க போல” என்றார்.

ஜெகதீஷ் எழுந்து நின்றார். அவர் பேசினால் எல்லாருக்கும் பிடிக்கும், குரல் அப்படி. “இத எழுதினவங்க படத்துக்கு லேட்டா வந்திருப்பாங்க சார். ஊருக்காகச் சண்டை போட்டவன் அவன். கட்டுனவ அவன் செருப்பப் பாத்துட்டு நிக்கறாளாம், அதுக்கு ஒரு விமர்சனம்.”

கூடம் சிரித்தது. சார் மைக்கில் அவருக்குக் கைதட்டச் சொன்னார், தட்டினார்கள். பின்வரிசையில் ஓர் அம்மா, “மூஞ்சியப் பாக்க முடியலீன்னா செருப்பத்தானுங்க பாக்க முடியும்” என்றார். அதற்கும் சிரித்தார்கள், ஆனால் சிரித்தவர்கள் வேறு ஆட்கள். அதிலிருந்து அரைமணிநேரம் சண்டை. பாதிப் பேர் பதினேழு பக்கம். மீதிப் பேர் ஜெகதீஷ் பக்கம்.

பதினேழு யாருடையது என்று நான் யோசிக்கவில்லை. தட்டச்சு செய்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

இன்று அவரே மாவு அரைத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “குடுத்து வெச்சவ நீ” என்றார். ஆமாம் என்றேன்.

மே 11, ஞாயிறு

சங்கத்து வாட்ஸப் குழுவில் சண்டை ஒரு வாரமாக ஓய்வதாக இல்லை. ஒருவர் ஜார்ஜிய வரலாறு எழுதுகிறார். இன்னொருவர் பேய்ப்படத்துக்கு லாஜிக் எதற்கு என்கிறார். ஓய்கிறபோதெல்லாம் ஜெகதீஷ் ஒரு வரி போடுகிறார்: “பதினேழாம் நம்பர் வெளிய வரட்டும், பேசலாம்.” சிரிக்கும் முகம் இரண்டு சேர்த்து.

என் போனை ராத்திரி அவர்தான் சார்ஜில் போடுவார். காலையில் எல்லாச் செய்திகளும் படித்ததாகவே இருக்கும். எனக்கு வேலை மிச்சம்.

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீதான சீட்டெல்லாம் பாக்கறே. பதினேழு கையெழுத்து எப்பிடி இருந்துச்சு?”

“கவனிக்கலீங்க.”

“கவனிக்கலையா.”

“இருபத்து மூணு சீட்டு. டைப் பண்ற அவசரம்.”

அவர் சட்னியைத் தோசை முழுக்க ஒரே சீராகத் தடவினார். விளிம்பு வரைக்கும். “பொம்பள கைதான். அது தெரியுது. ஒரு பொம்பளை தன் வீட்டுக்காரன் செத்தா நல்லாருக்கும்னு எழுதி டப்பால போட்டுட்டு, அதே கையால டீ வாங்கிக் குடிச்சிருக்கா. அதான் எனக்கு ஆச்சரியம், கண்ணு.”

அடுத்த தோசை கல்லில் ஒட்டிக்கொண்டது.

மே 14, புதன்

நான் படியேறி வந்ததும் சிவகுருநாதன் சார் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். இருபது வருடத்தில் எந்தப் படத்துக்கும் இப்படிச் சண்டை வந்ததில்லையாம். இந்த மாதம் சிறப்பிதழ்.

“டைப் பண்ணுனது வேண்டாம் அம்மிணி. சீட்ட அப்பிடியே படம்புடிச்சுப் போடப் போறேன். கோவமா எழுதினவன் பேனாவ எப்பிடி அழுத்தியிருக்கான்னு தெரியணும். டைப் பண்ணினா எல்லாரும் ஒரே ஆளு மாதிரி ஆயிடறாங்க.”

“சார், பேரு தெரியக்கூடாதுன்னுதான விதி.”

“பேரு எங்க இருக்குது? கையெழுத்துதான இருக்குது. கையெழுத்த வெச்சு யாரு கண்டுபுடிக்கப் போறா?”

காகிதத்தோடும் எழுத்தோடும் வாழ்கிற மனிதர். ஓர் எழுத்தை அழகா இல்லையா என்றுதான் பார்ப்பார். வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிய காய்கறிப் பட்டியலைத் தினமும் படிக்கிற ஒருவர் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது.

எழுதிவிடுகிறேன். பதினேழு என்னுடையது.

அன்று படம் முடிந்ததும் ஜெகதீஷ் நண்பர்களோடு வெளியே நின்றிருந்தார். இரண்டு நிமிடம் இருக்கும். நான் பொதுவாக “நல்ல ஒளிப்பதிவு” என்றோ “இசை நன்று” என்றோ எழுதிப் போடுவேன். அன்று பேனா நிற்கவில்லை. டப்பாவில் போட்ட பிறகுதான் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரிந்தது. பெயரில்லாத இடம் என்று நம்பினேன். தட்டச்சு செய்யப்போவதும் நான்தான் என்று நம்பினேன்.

என் எழுத்து இடப்பக்கம் சாயும். பள்ளியிலிருந்தே. ஆயிரம் சீட்டில் கலந்தாலும் தெரியும்.

சீட்டை எடுத்துக் கிழித்துவிடலாம். ஆனால் குழுவில் எல்லாரும் தேடுவதே அந்தச் சீட்டைத்தான். காணோம் என்றால் சீட்டுகளைக் கையாள்கிற ஆள் யார் என்ற கேள்வி வரும்.

மூன்று மணிக்கு ரெஜினா அக்கா வந்தார். கணக்கு டியூஷன் எடுப்பவர். சங்கத்துக்கு வாசல் பலகை எழுதுவதும் இதழ்ப் பக்கங்களை வெட்டி ஒட்டி அமைப்பதும் அவர்தான்.

“நான் பாக்காத படத்துக்கு இவ்வளவு சண்டையா? அப்பிடி என்னதான் இருந்துச்சு அதுல?” என்று கேட்டுக்கொண்டே சீட்டுகளைப் பரப்பினார்.

நான் பதினேழை அவர் முன்னால் வைத்தேன். “அக்கா, இத உங்க கையால ஒரு தடவ எழுதித் தர முடியுமா. அத வெச்சு ஒட்டிடலாம்.”

அவர் சீட்டைப் படித்தார். என்னைப் பார்த்தார். மே மாத வெயிலில் மணிக்கட்டு வரை இறங்கிய என் ரவிக்கையைப் பார்த்தார். ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து நிதானமாக எழுதி, மேலே 17 என்று போட்டுக் கொடுத்தார்.

“டீ சொல்லட்டுமா?” என்றார் பிறகு.

என் சீட்டு இப்போது இந்த நோட்டுக்குள்.

மே 16, வெள்ளி

இரண்டு நாளாக நன்றாகப் பசிக்கிறது. நூலகத்துப் புத்தகத்தில் அறுபது பக்கம் படித்தேன்.

மே 18, ஞாயிறு

சிவகுருநாதன் சார் குழுவில் ஒரு படம் போட்டார். சிறப்பிதழின் நடுப்பக்கம். கீழே, “எல்லாரும் தேடும் பதினேழு இதோ. வரும் சனிக்கிழமை உங்கள் கையில்.”

ஜெகதீஷ் சோபாவில் சாய்ந்து, போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“இது ரெஜினா எழுத்துல்ல? வாசல் போர்டுல பாத்திருக்கேன்.”

“அப்பிடிங்களா.”

“ரெஜினாவேதான்.” சிரித்தார். எனக்கும் மூச்சு வந்தது. அரை நிமிடம் இருக்கும்.

“ஆனா ரெஜினா அன்னிக்கு வரலையே. தம்பி கல்யாணம்னு ஊட்டி போயிருந்தாங்க. சிவகுருநாதன் சாரே மைக்குல வாழ்த்துச் சொன்னாரு.”

ஒரு சட்டையை மூன்றாவது தடவையாக மடித்தேன். கையெழுத்தை மறைக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தோம். படமே பார்க்காத ஒருவரின் கையில் அந்தச் சீட்டை எழுத வாங்கியிருக்கிறேன். எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

“பாக்காத படத்துக்கு ஒருத்தி எப்பிடி எழுதுவா, தாரணி?” என்றார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் நிமிர்ந்து பார்க்க வேண்டும். பார்த்தேன்.

“தெரியலீங்க.”

“தெரிஞ்சுக்கலாம்.”

மே 19, திங்கள்

ஜெகதீஷ் ரெஜினா அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு. தம்பி கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்லவாம்.

“டியூஷன் பசங்க உக்காந்திருந்தாங்க. படம் எப்பிடிங்க இருந்துச்சுன்னு கேட்டேன். கம்ப்யூட்டர்ல பாத்தேன்னாங்க. அந்தப் படம் எங்கயும் கெடைக்காது, சார் எம்பசிக்கு எழுதி வாங்கினது.” ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். “பாவம், பகல்ல அவங்கம்மா மட்டும் தனியா இருக்காங்க. கண்ணு வேற சரியாத் தெரியாது. யாரு வந்தாலும் கதவத் தொறந்துடறாங்க.”

ஒரு தகவல் போலத்தான் சொன்னார். தண்ணீர் கொடுத்தேன்.

“புதன்கிழமை நானும் மேல வர்றேன். அந்த டப்பாவ ஒரு தடவ பாக்கணும்.”

மே 20, செவ்வாய்

வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. எழுத்து கோணலாக வருகிறது. தானாகச் சரியாகிவிடும்.

அம்மாவுக்கு அவர் போனிலிருந்து பேசினேன். அவர் பக்கத்தில்தான் இருந்தார். இரண்டு நாள் அங்கே வந்து இருக்கட்டுமா என்று கேட்டேன். “மாப்பிள்ளைக்குச் சோத்துக்கு என்ன பண்ணுவே கண்ணு? அடுத்த மாசம் ரெண்டு பேரும் சேந்து வாங்க” என்றார். ஜெகதீஷ் போனை வாங்கி, “நல்லாச் சொல்லுங்கத்தை” என்றார். இருவரும் சிரித்தார்கள்.

மே 21, புதன்

மணி 2.10. இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஐந்தரைக்கு மாடிக்கே வருவார். அதற்குள் எழுதுவதை எழுதிவிட வேண்டும். பயத்தில் இருக்கும்போது எழுதினால் கை கொஞ்சம் நிதானப்படுகிறது.

ரெஜினா அக்கா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். டியூஷனுக்கு லீவு விட்டிருக்கிறார். எழுந்து கதவைச் சாத்தினார்.

“திங்கக்கிழமை உன் வீட்டுக்காரர் வந்தாரு.”

“சொன்னாரு அக்கா.”

“என்ன சொன்னாரு?”

“உங்கம்மா தனியா இருப்பாங்கன்னு.”

அவர் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று மறுபடி பார்த்தார். “என்கிட்ட மிரட்டற மாதிரி ஒரு வார்த்தை பேசல தாரணி. பசங்ககிட்ட ஏழாம் வாய்ப்பாடு கேட்டாரு. சரியாச் சொன்ன பொண்ணுக்கு மைசூர்பாகு குடுத்தாரு. அவரு போனதுக்கப்புறம் என்னால சாக்பீஸ் புடிக்க முடியல. ஒரு மணிநேரத்துல எனக்கே இப்பிடி.”

நான் அழவில்லை. அழுதால் முகம் வீங்கும், ஐந்தரைக்குள் இறங்காது.

“அக்கா, பதினேழுல உங்க எழுத்து இருக்க வேண்டாம்.”

“எடுத்துட்டு?”

“என்னோடத வெக்கறேன்.”

“அப்பறம் நீ வீட்டுக்குப் போவியா?”

“இல்லக்கா” என்றேன். யாரோ சொன்னது போலக் கேட்டது.

அவர் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். ஓர் ஊர், ஒரு விடுதி, அங்கே வார்டனாக இருக்கும் அவருடைய சித்தியின் பெயர். ஏற்கெனவே பேசிவிட்டிருந்தார். நேற்றே. அவரும் அவர் அம்மாவும் இன்று மாலையே ஊட்டிக்குத் தம்பி வீட்டுக்குப் போகிறார்கள், பள்ளி திறக்கும்வரை அங்கேதான். ஊரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். காகிதத்தை மனப்பாடம் செய்து திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

3.05. கீழே போய், ஒட்டுப் பக்கத்தில் ரெஜினா அக்காவின் சீட்டை உரித்தேன். பசை இறுகியிருந்தது, ஓரம் கிழிந்தது. என் சீட்டை அந்த இடத்திலேயே ஒட்டினேன். இடப்பக்கம் சாய்ந்த இருபது வரிகள். சிவகுருநாதன் சார் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

“எழுத்து மாறியிருக்குதே அம்மிணி.”

“இதுதான் மொதல்ல டப்பால இருந்ததுங்க சார். அது நகல்.”

அவர் குனிந்து பார்த்தார். இரண்டு வருடமாக என் கையால் திருத்திய பிழைகளோடு அவருக்கு மெய்ப்புத் தாள்கள் போயிருக்கின்றன. எழுத்தின் அழகை மட்டும் பார்க்கிறவர் என்று நான் நினைத்தது தவறு. என் கையைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் இருந்த கண்ணாடியைச் சட்டைப் பையிலேயே தேடினார், கிடைத்தும் போட்டுக்கொள்ளவில்லை.

“நான் மைக்குல அவனுக்குக் கைதட்டச் சொன்னேன்” என்றார்.

“எல்லாரும்தான் தட்டினாங்க சார்.”

“அது இல்லீங்க.” மெஷினை நிறுத்தினார். “பின்வாசல்ல காகிதம் ஏத்தற வண்டி நிக்குது. பஸ் ஸ்டாண்டு வழியாத்தான் போகுது. அஞ்சரைக்கு அந்தத் தம்பி வந்தா நான் இருக்கேன். ஒரு டீ குடிங்கன்னு உக்கார வெக்கறேன்.”

“சார், அவரு கோவமாப் பேசமாட்டாரு. ரொம்ப நல்லாப் பேசுவாரு.”

“தெரியுமுங்க” என்றார். “நானும் கேட்டிருக்கேனே.”

அவருடைய இரண்டு அழைப்பும் வந்து முடிந்துவிட்டன. போனை அணைத்து ரெஜினா அக்காவிடம் கொடுத்துவிட்டேன். நோட்டை எடுத்துக்கொண்டேன். 3.25.

மே 21, பஸ்ஸில்

பெண்கள் இருக்கையில் ஜன்னலோரம். எழுத்து குலுங்குகிறது. ஏறுகிற எல்லா ஆண்களும் ஜெகதீஷைப் போலவே நீலக்கோடு போட்ட சட்டை அணிந்திருப்பதாகத் தெரிகிறது. பக்கத்தில் இருக்கும் அம்மா, “எங்கம்மா போறே?” என்று கேட்டார். வேறு ஊரின் பெயரைச் சொன்னேன். மணி 5.31. இனி எதையும் திரும்ப எடுக்க முடியாது.

மே 25, ஞாயிறு

நான்கு நாளாக எழுதவில்லை. வார்டன் அம்மா அதிகம் கேட்பதில்லை. ஒரு டாக்டர் அம்மாவிடம் அழைத்துப்போனார். மணிக்கட்டில் மெல்லிய விரிசலாம். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டபோது கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார். வெளியே நோயாளிகள் இருந்தார்கள், ஆனாலும் காத்திருந்தார். பிறகு சொன்னேன். முதல் தடவை என்பதால் வார்த்தைகள் கிடைக்காமல் பாதியில் நின்றன. அவர் எழுதிக்கொண்டார். தேதி, கை, எத்தனை நாளாக, எல்லாம். ஒரு நகல் என்னிடம் கொடுத்தார்.

காலையில் டீயோடு வார்டன் அம்மா தன் போனையும் கொண்டுவந்து கொடுத்தார். ரெஜினா அக்கா அவருக்குப் படங்கள் அனுப்பியிருந்தார். சிறப்பிதழ் நேற்று எல்லாருக்கும் போய்விட்டது. நடுப்பக்கத்தில் என் எழுத்து. அச்சில் பார்க்கும்போது இன்னும் அதிகமாகச் சாய்ந்திருக்கிறது. குழுவில் மறுபடி சண்டை. ஒருவர், முன்பு காட்டியது வேறு எழுத்தாயிற்றே என்கிறார். ஒருவர் பதினேழு படத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது என்கிறார். பின்வரிசை அம்மா, அது ஒன்றுதான் படத்தைப் பார்த்தே எழுதியது என்கிறார்.

அதற்குக் கீழே ஜெகதீஷ் எழுதியிருக்கிறார்:

“பதினேழாம் சீட்டு, நிதானமாகப் படித்தேன். ஆழமான பார்வை. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். எழுதியவர் எங்கிருந்தாலும் பத்திரமாக வீடு வந்து சேரட்டும்.”

கூப்பிய கைகள் இரண்டு.

நாற்பத்தோரு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு பெருந்தன்மை என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். ஜார்ஜிய வரலாறு எழுதியவர், இப்படித் தோற்பதற்கும் ஒரு மனசு வேண்டும் தம்பி என்கிறார். சிவகுருநாதன் சார் எதுவும் போடவில்லை. நான் எல்லாப் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நல்லவர்கள். டீ ஊற்றிக் கொடுத்தவர்கள், எனக்குப் புத்தகம் கடன் தந்தவர்கள். அவர்கள் பார்த்தது முதல் பாதியை மட்டும்.

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம், பிறகு நடை. எழுந்து சுவரோரமாகப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பால் வண்டி. இரண்டு கேன் இறக்கிவிட்டுப் போனார்கள். அது தெரு திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு வந்து, டாக்டர் கொடுத்த தாளை நோட்டில் ஒட்டினேன்.